அசல் என்று விற்கப்படும் 1938 நியூயார்க் சென்ட்ரல் கால அட்டவணை: வாங்குவோர் கவனத்திற்கு

பழைய அமெரிக்கப் பயணிகள் ரயில் கால அட்டவணைகளை இணைய ஏலத்தில் வாங்குபவர்கள், இப்போது விற்பனைக்கு வந்துகொண்டிருக்கும் ஒரு போலியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். நியூயார்க் சென்ட்ரல் ரயில் நிறுவனம் 1938 ஜூனில் வெளியிட்ட கால அட்டவணை என்றும், 'அசல், நல்ல நிலை, நிலைய முத்திரையுடன்' என்றும் விளம்பரம் செய்யப்பட்டிருந்த பிரதியை 140 டாலர் கொடுத்து வாங்கினேன்.

அந்த மாதத்துக்கு இவ்வளவு விலை கேட்கக் காரணம் உண்டு. தொழில்துறை வடிவமைப்பாளர் ஹென்றி டிரைஃபஸ் வடிவமைத்த, இந்நிறுவனத்தின் புதிய ட்வென்டியத் செஞ்சுரி லிமிடெட் ரயிலும், போட்டி நிறுவனமான பென்சில்வேனியா ரயில்ரோடின் புதிய பிராட்வே லிமிடெட் ரயிலும் 1938 ஜூன் 15 அன்று ஒரே நாளில் ஓடத் தொடங்கின. இரண்டுமே நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் இடைப்பட்ட தூரத்தை 16 மணி நேரத்தில் கடந்தன. மற்றபடி கால அட்டவணை என்பது பயணச்சீட்டுக் கவுண்டரில் இலவசமாகக் கிடைத்த பொருள். 1950களிலும் 60களிலும் வந்தவை இன்றும் சில டாலர்களுக்குக் கிடைக்கின்றன என்பதால், அவற்றைப் போலியாகத் தயாரிக்க யாரும் மெனக்கெடுவதில்லை. ஏமாற்றுபவர்கள் கை வைப்பது இத்தகைய தேதிகளில்தான்.

உறையைப் பிரித்ததுமே சந்தேகம் எழுந்தது. நடுப் பக்கத்தின் குறுக்கே பழைய மடிப்பொன்று சாம்பல் நிறக் கோடாகத் தெரிந்தது. ஆனால் விரலால் தடவிப் பார்த்தபோது காகிதம் அந்த இடத்தில் மழமழவென்று இருந்தது. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்த கறையும் அப்படியே: கறை இருந்தது, பின் குத்திய துளை இல்லை. அசல் பிரதியொன்றை ஸ்கேன் செய்து அச்சிட்டபோது அதன் மடிப்பும் துருவும் சேர்ந்தே அச்சாகியிருக்கின்றன. உருப்பெருக்கியில் பார்த்தபோது, ஊதா நிற நிலைய முத்திரை மையாக இல்லாமல் நீலமும் சிவப்பும் கலந்த நுண்புள்ளிகளாகச் சிதறியது. அமெரிக்கக் கால அட்டவணைகளில் முற்பகல் நேரத்தை மெல்லிய எழுத்திலும் பிற்பகல் நேரத்தைத் தடித்த எழுத்திலும் அச்சிடுவது வழக்கம். இதிலோ தடித்த இலக்கங்களின் உட்பகுதி அடைத்துக்கொண்டு, 3 எது, 8 எது என்று பிரித்தறிய முடியவில்லை. கடைசியாகப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தேன். காகிதத்துக்கு வெண்மையூட்டும் ஒளிர் வேதிப்பொருள்கள் இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரே பரவலாயின. 1938-ஆம் ஆண்டுக் காகிதம் என்று சொல்லப்பட்ட இதுவோ பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தது.

மறுபதிப்பு வெளியிடுவது குற்றமல்ல. மறுபதிப்பு என்று சொல்லியே விற்கப்பட்ட இரண்டு மூன்று என் வீட்டுச் சுவரிலும் தொங்குகின்றன. ஆனால் என்னிடம் உள்ள அதே நிறுவனத்தின் அசல் பிரதியோடு ஒப்பிட்டபோது இதன் அடி ஓரம் சில மில்லிமீட்டர் குறைவாகவும், வெட்டு சற்றுக் கோணலாகவும் இருந்தது. மறுபதிப்பு என்ற குறிப்பு அங்கேதான் இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன்.

விற்பனையாளர் கோபப்படவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்த தம் தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது என்றார். இணைய ஏலங்களில் இத்தகைய தாத்தாக்களுக்குப் பஞ்சமே இல்லை. அடுத்து, வேறொரு பிரதி அனுப்புவதாகவும் அதுவரை புகார் எதுவும் பதிய வேண்டாம் என்றும் பணிவாகக் கேட்டுக்கொண்டார். பிறகு உடல்நலம் சரியில்லை என்றார், பிறகு வெளியூர் என்றார். ஏலத் தளத்தின் திருப்பியளிப்புக் கெடு முடிந்த மறுநாளிலிருந்து பதிலே இல்லை. கெடு கடந்துவிட்டதென்று தளமும் கைவிரித்தது. கிரெடிட் கார்டு வழங்கிய வங்கியில் படங்களோடு முறையிட்ட பிறகே பொருளின் விலை திரும்பக் கிடைத்தது. தபால் செலவு போனது போனதுதான்.

அதே விற்பனையாளர் இப்போது 'இன்னொரு அசல் பிரதி' என்று ஒன்றை ஏலத்தில் விட்டிருக்கிறார். அதன் படத்திலும் துருக்கறை அதே இடத்தில், முத்திரை அதே சாய்வில், அதே இலக்கத்தின் மேல் பாதி ஏறி நிற்கிறது. 1938 ஜூன் மாதத்துப் பிரதி எங்கேனும் கண்ணில் பட்டால், நடுப் பக்கத்தை விரித்து, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி எடுத்த படமும், அடி ஓரத்தை அளவுகோலோடு எடுத்த படமும் கேளுங்கள். தர மறுத்தால் ஏலம் கேட்காதீர்கள். வாங்கிய பின் சந்தேகம் வந்தால், விற்பவர் என்ன சமாதானம் சொன்னாலும் கெடு முடியும் முன் புகாரைப் பதிந்துவிடுங்கள்.