பைக் பேட்டரிக்குச் சாதா சார்ஜரா, ஸ்மார்ட் சார்ஜரா?

சாதா சார்ஜர் விலை குறைவுதான், ஆனால் பேட்டரி நிறைந்த பிறகும் கரண்ட்டை ஏற்றிக்கொண்டே இருக்கும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் பேட்டரி கையில் சுடும், இதே பழக்கமாகிவிட்டால் ஆசிட் மட்டம் இறங்கித் தகடு வெளியே தெரிய ஆரம்பிக்கும். ஸ்மார்ட் சார்ஜர் 14.4 வோல்ட் வாக்கில் ஏற்றி முடித்ததும் தானே 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒரே குறை, அடியோடு இறங்கிய பேட்டரியைச் சில ஸ்மார்ட் சார்ஜர்கள் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, அப்போது சாதா சார்ஜரைக் கொஞ்ச நேரம், பக்கத்திலேயே இருந்து போட்டால் உயிர் வரலாம். எதுவானாலும் ஆம்பியரைப் பாருங்கள்: 9 ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரிக்கு 1 ஆம்பியர் சார்ஜர் போதும். அப்புறம், லித்தியம் பேட்டரி என்றால் அதற்கென்றே மோடு உள்ள சார்ஜர் மட்டும்தான்.