வெளிநாட்டுக் கால்களா, நம் பிள்ளைகளா?

பட்டியலின் அடியில் முடித்த ஒரு சிங்கப்பூர்க் காற்பந்துக் குழு, அடுத்த பருவத்துக்கு ஆள் எங்கே தேடுவது? தேக்கா கோப்பிக்கடையில் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் "வெளியிலிருந்து இறக்கு" என்பார்கள்.

சீக்கிரம் பலன் தரும் வழிதான். 2024-25 பருவத்தில், ஒரு குழு 8 வெளிநாட்டவரைப் பதிவு செய்து, ஒரே நேரத்தில் 6 பேரைத் திடலில் இறக்கலாம் என்று சிங்கப்பூர் பிரிமியர் லீக் விதியைத் தளர்த்தியது. லயன் சிட்டி செய்லர்ஸ் குழு 2020இல் தனியார் கைக்கு மாறி, மறு ஆண்டே லீக்கை வென்றது. 2025 மே மாதம் ஆசியக் குழுக்கள் மோதும் ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக் 2 இறுதியாட்டம் வரை போய், ஐக்கிய அரபு சிற்றரசுகளின் ஷார்ஜா குழுவிடம் 1-2 எனத் தோற்றது. ஆனால் அந்தப் பணப்பை எல்லாரிடமும் இல்லையே! மலிவாகக் கிடைத்தவர்களை வைத்து எட்டு இடத்தையும் நிரப்பினால், பருவம் முடிந்ததும் மூட்டை கட்டிவிடுவார்கள். குழு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

உள்ளூர்ப் பிள்ளைகள்? பொறுமை வேண்டும். பையன் தேறி வரும் வயதில் 2 ஆண்டு கட்டாயத் தேசிய சேவை (ராணுவம், போலிஸ் போன்றவை) குறுக்கே வரும்; பயிற்சி விட்டுப்போகும். இருந்தாலும் வி. சுந்தரமூர்த்தியின் பயிற்சியில், பெரும்பாலும் உள்ளூர் வீரர்களோடு மலேசிய லீக்கில் ஆடிய சிங்கப்பூர் அணியான லயன்ஸ் XII 2013இல் மலேசிய சூப்பர் லீக்கையே வென்றதே. அதை மறந்துவிட்டுப் பேசுகிறோம்.

என்னைக் கேட்டால், வெளிநாட்டவர் மூன்று பேர் போதும்: நடுத் தற்காப்பில் ஒருவர், நடுத்திடலில் ஒருவர், கோல் போட ஒருவர். மீதி இடங்கள் சேவை முடித்து வரும் 21, 22 வயதினருக்கு, இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தோடு.