4 யூரோ இசைத்தட்டு: ஸெனோவோடு 11 வருஷம்

ஜெர்மனியின் ஹனோவருக்கு வேலைக்குப் போன புதிதில் சனிக்கிழமை காலைகள் நகரவே நகராது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன்: லைனெ ஆற்றங்கரையில் கூடும் பழைய சாமான் சந்தை. 1967-லிருந்து நடக்கிற சந்தை அது. பக்கத்திலேயே நிக்கி த சான் ஃபால் செய்த குண்டுப் பெண் சிலைகள், கலர் கலராக. அங்கே ஒரு பெரியவர் வாழைப்பழ அட்டைப்பெட்டிகளில் இசைத்தட்டுகளை அடுக்கி வைத்திருப்பார். 2014-இல் ஒருநாள் ஸ்கார்ப்பியன்ஸ் ராக் குழுவின் 'டோக்கியோ டேப்ஸ்' தட்டு இருக்கிறதா என்று கேட்டேன். 15 யூரோ சொன்னார். என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறொரு தட்டை உருவி நீட்டினார். "அண்ணன் விலை அதிகம். தம்பியை எடுத்துக்கோ, 4 யூரோ." உறையில் இருந்த பெயரை நான் ஜீனோ என்று படித்தேன். அவர் "ட்ஸேனோ" என்று திருத்தினார்.

அண்ணன், 1978 வரை ஸ்கார்ப்பியன்ஸில் கிட்டார் வாசித்த ஊலி யோன் ரோத். தம்பி, ஸெனோ ரோத். அவர் பெயரையே குழுவுக்கும் வைத்து, முதல் ஆல்பத்துக்கும் அதையே வைத்து, 1986-இல் வெளியிட்டார்கள். பாடியவர் மிஷாயேல் ஃப்ளெக்ஸிக். பேஸ் கிட்டார் வாசித்த ஊலே ரிட்கன் அதற்கு முன்பு அண்ணனின் எலெக்ட்ரிக் சன் குழுவில் இருந்தவர். வெளியிட்டது பார்லோஃபோன், பீட்டில்ஸின் அதே லேபிள். இவ்வளவு பின்னணி இருந்தும் ராக் கேட்கிற என் ஜெர்மன் சக ஊழியர்களில் பாதிப்பேருக்கு மேல் இந்தப் பெயரையே கேட்டதில்லை.

முதல் தடவை கேட்டபோது எனக்கும் பிடிக்கவில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததும் இலையில் இடமில்லாத அளவுக்குப் பரிமாறிவிட்டால் எதைத் தொடுவது என்று கை திகைக்குமே, அப்படி. கிட்டார் மேல் கிட்டார், அதற்கு மேல் கீபோர்டு, அதற்கும் மேல் கோரஸ் குரல்கள். இதெல்லாம் போதாதென்று ஃப்ளெக்ஸிக் உச்சஸ்தாயியிலேயே குடியிருக்கிறார். ஒரு பக்கம் முடிந்ததும் தலைவலி மாத்திரை தேடினேன். தட்டு இரண்டு மாதம் அலமாரியில் தூங்கியது.

அது மனசில் இறங்கியது குளிர்காலத்தில்தான். காலை ஏழரைக்கும் விடியாத டிசம்பர், ட்ராமில் இருபது நிமிஷம், காதில் ஹெட்ஃபோன். ஒரு நாளைக்கு மூன்று பாட்டுக்கு மேல் கேட்க நேரமில்லை. அந்த அளவுதான் இந்த ஆல்பத்துக்குச் சரியான அளவு என்பது அப்போது புரிந்தது. மொத்தமாகக் கேட்டால் திகட்டும். மூன்று மூன்றாகக் கேட்டால் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. ஸெனோ கிட்டாரை வயலின் வரிசைபோல நினைத்து அடுக்கியிருக்கிறார். சோலோ வருகிற இடத்தில் 'பார், எவ்வளவு வேகம்' என்கிற பகட்டு இல்லை. பாடகர் விட்ட மெட்டை எடுத்து இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிவைக்கிறார், அவ்வளவுதான். அண்ணனிடம் நெருப்பு அதிகம், ஒப்புக்கொள்கிறேன். மெட்டு கட்டுவதில் தம்பிதான் கெட்டிக்காரர் என்பது என் கட்சி.

'ஹார்ட் ஆன் த விங்' பாட்டை மட்டும் இந்த 11 வருஷத்தில் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. முதல் ஒரு வருஷம் கோரஸுக்காகக் கேட்டேன். பிறகு கிட்டாருக்காக. இப்போது பேஸுக்காக. ரிட்கன் முன்னே வந்து நிற்கவே மாட்டார். ஆனால் மேலே அத்தனை பேர் ஆடுகிற மேடையின் கால் அவர்தான். இதைக் கவனிக்க நல்ல ஸ்பீக்கர் வேண்டும். போன் ஸ்பீக்கரில் போட்டால் வெறும் இரைச்சலும் கீச்சுக்குரலும்தான் மிஞ்சும். அப்படிக் கேட்டுவிட்டு யாராவது மட்டம் தட்டினால் நான் சண்டைக்குப் போவதில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். டிரம்ஸில் 80-களின் அந்தக் குகை எதிரொலி உண்டு. பழகலாம், தப்பிக்க முடியாது. வரிகள் ரொம்பச் சுமார். தலைப்புகளைப் பார்த்தாலே தெரியும்: வானத்தில் அடையாளம், காற்றிடம் சொல்லாதே, சிறகில் இதயம், சொர்க்கம் அனுப்பியது. முதல் பாட்டில் கிழக்கே சூரியன், கடைசிப் பாட்டில் அஸ்தமனம். இடையில் யாராவது தரையில் கால் வைக்கிறார்களா என்று தேடினேன். 'எமெர்ஜென்சி'யில் கொஞ்சம் வைக்கிறார்கள். 'டோன்ட் டெல் த விண்ட்' வந்தால் இன்றைக்கும் பாதி நாட்களில் அதைக் கேட்காமல் அடுத்த பாட்டுக்குத் தாண்டிவிடுவேன்.

சி.டி.யும் வாங்கினேன். ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடமிருந்து வந்த பெட்டிக்குள் ஏதோ நாட்டுப்புறப் பித்தளை வாத்தியக் குழுவின் சி.டி. இருந்தது. பணம் திரும்பி வர ஆறு வாரம். இரண்டாவது ஆளிடம் ஒழுங்காகக் கிடைத்தது. உலகத்தின் முதல் சி.டி.க்களை 1982-இல் அச்சிட்ட லாங்கன்ஹாகன், டிராமில் போகிற தூரம்தான். அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு சி.டி.யின் பணத்துக்காக ஆறு வாரம் காத்திருந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்புதான்.

இந்த முதல் ஆல்பம் ஏன் ஓடவில்லை? 1986 என்ற வருஷத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் பான் ஜோவியின் 'ஸ்லிப்பரி வென் வெட்', யூரோப் குழுவின் 'த ஃபைனல் கவுண்டவுன்': ஒரே தடவை கேட்டால் குளியலறையில் பாடவைக்கும் சரக்கு. மறுபக்கம் மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்', மென்மையே வேண்டாம் என்பவர்களுக்கு. ஸெனோவிடம் மெட்டு இருந்தது, ஆனால் அதை ஏழு போர்வைக்குள் சுருட்டி வைத்திருந்தார். பிரித்துப் பார்க்க ரேடியோக்காரனுக்கு ஏது பொறுமை? குழு கலைந்தது. ரிட்கன் ஃபேர் வார்னிங் குழுவைத் தொடங்கினார். 1992-இல் அவர்களின் முதல் ஆல்பம் வந்தது, ஜப்பானில் அவர்களைக் கொண்டாடினார்கள். ஃபேர் வார்னிங்கைக் கேட்டால் ஸெனோவின் அதே கைப்பக்குவம் தெரியும், எண்ணெய் மட்டும் கொஞ்சம் குறைவு. புதிதாக வருகிறவர்கள் அங்கே தொடங்கி இங்கே வந்தாலும் தப்பில்லை. நேராக இங்கேயே தொடங்குவதானால் முதல் பாட்டை விட்டுவிட்டு 'எ லிட்டில் மோர் லவ்'வில் ஆரம்பியுங்கள்.

ஸெனோ அப்புறமும் விடவில்லை. 1995-இல் 'ஸெனாலஜி', 1998-இல் 'லிஸன் டு த லைட்', 2006-இல் வேறு பாடகரோடு 'ரன்வே டு த காட்ஸ்'. மூன்றும் என்னிடம் உண்டு. ஆனாலும் 1986-இன் முதல் ஆல்பத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வருகிறேன். 2018 பிப்ரவரியில் அவர் இறந்துபோனார், 61 வயது. அந்த வாரச் சனிக்கிழமை சந்தைக்குப் போனேன். பெரியவருக்கு முன்பே தெரிந்திருந்தது. பெட்டியில் இன்னொரு ஸெனோ தட்டு இருந்தது, அன்றைக்கும் 4 யூரோதான்.

என் தட்டில் 'ஃபார் அவே'யின் நடுவில் ஒரு கீறல். ஊசி அங்கே தடுக்கிச் சுற்றும்; ஊசித்தலையின் மேல் ஒரு 5 சென்ட் நாணயம் வைத்தால் தாண்டிப் போகும். சி.டி.யில் கேட்கும்போதும் அந்த இடம் நெருங்கினால் கை சட்டைப்பையில் நாணயம் தேடுகிறது.