பள்ளிக்கூடத்தை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் பதினொரு வருடமாகச் செக்கிங்கில் இருக்கிறேன். எந்த பீஸையும் வெளிப்பக்கம் மட்டும் பார்த்து ஓகே சொல்ல எனக்கு வராது. உள்பக்கம் திருப்பி, தையல் ஓரத்தை ஒரு இழு இழுத்துப் பார்த்தால்தான் மனசு ஆறும். மகளை எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்த்து இரண்டு வருடம் முடிகிறது. காம்பவுண்டுக்குப் புதிதாகக் குடி வருகிறவர்கள் எல்லோரும் "ஏனுங்க, அந்தப் பள்ளிக்கூடம் எப்படிங்க?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். குறையும் சொல்லப் போவதால் பள்ளிப் பெயர் வேண்டாம். பல்லடம் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மார்க் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை மட்டும் என்றால் நாலரை கூடக் கொடுப்பேன்.

கொள்கைக்காக எல்லாம் நான் அரசுப் பள்ளிக்குப் போகவில்லை. எல்கேஜி, யூகேஜி இரண்டும் தனியார் பள்ளியில்தான் படித்தாள். வருடத்துக்கு 24,000, வேனுக்கு மாதம் 800. வீட்டுக்காரருக்கு ஒன்றரை ஷிப்ட் போய் ஒரு ஷிப்ட் ஆனதும் கணக்கு இடித்தது, அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்பே எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. ஒரு பக்கப் பாட்டை மடமடவென்று ஒப்பிப்பாள். நடுவில் ஒரு வரியில் விரலை வைத்து "இது என்ன கண்ணு?" என்றால் வாயடைத்துவிடும். பிறகு முதல் வரியிலிருந்து ஓடி வந்து, விரல் இருக்கிற இடத்தைப் பிடிப்பாள். நோட்டில் எழுத்து மணிமணியாக இருக்கும். அயர்ன் போட்டு, பாலிபேக்கில் போட்டு, பெட்டியில் அடுக்கிய பீஸ் மாதிரி. உள்ளே ஓரத்தைப் பிடிக்கிற ஓவர்லாக் தையல் விட்டுப்போயிருந்தது.

சேர்ப்பதற்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் மூன்று தடவை அந்தப் பள்ளிக்குப் போனேன். நீங்களும் அப்படிப் போங்கள். சேர்க்கை கேட்டுப் போகிற நாளில் எல்லாப் பள்ளியும் நல்ல பள்ளிதான்.

முதல் தடவை கண்ணில் பட்டது சுவர். ரயில் பெட்டி மாதிரி நீலப் பெயிண்ட், ஜன்னல் எல்லாம் வரைந்திருந்தார்கள். அழகுதான், அதற்கு மார்க் கிடையாது.

இரண்டாவது தடவை திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்குப் போனேன், காலை உணவு நேரம். இந்தத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. அன்றைக்குச் சேமியா உப்புமாவும் சாம்பாரும். சமைக்கிற அக்கா மகளிர் குழுவில் இருப்பவர், அவருடைய பையனும் அதே வரிசையில் தட்டோடு உட்கார்ந்திருந்தான். எனக்கு அது போதும். பெற்ற பிள்ளைக்குப் போடுகிற சாம்பாரில் யாரும் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். கேட்டு ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன். சாம்பாரில் கேரட்டும் சவ்சவ்வும் கரண்டிக்குத் தட்டுப்பட்டது, உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல். எங்களுக்கு ஷிப்ட் எட்டரைக்கு. ஏழு மணிக்கே சோறாக்கி, பிள்ளைக்கு ஊட்டி, டிபன் கட்டி, பஸ்ஸைப் பிடித்து ஓடின அம்மாக்களுக்குத்தான் அந்த ஒரு தட்டு உப்புமாவின் அருமை தெரியும். மதியம் சத்துணவு, வாரத்தில் ஐந்து நாளும் முட்டை. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மூன்றாவது தடவை கழிப்பறையைப் பார்க்கப் போனேன். தண்ணீர் வந்தது, வாளியும் இருந்தது. பெண் பிள்ளைகள் பக்கம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்கிறாள். அதைக் குறித்துக்கொண்டு வந்தேன். அப்புறம் வருகிறேன் அதற்கு.

சரி, படிப்பு. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளை இரண்டு டீச்சர்கள் பகிர்ந்து எடுக்கிறார்கள். பாடம் 'எண்ணும் எழுத்தும்' முறையில். 2022 ஜூனில் மூன்றாம் வகுப்பு வரை கொண்டுவந்து, அடுத்த வருடம் நான்கு, ஐந்துக்கும் நீட்டினார்கள். பிள்ளை எந்த வகுப்பு என்பதைவிட, எவ்வளவு தூரம் கற்றிருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுப்பது. மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் எழுத்து கூட்டத் தடுமாறுகிற பிள்ளை அரும்பில்தான் உட்காரும். தாளில் படிக்க நன்றாக இருக்கிறது. நேரில் எப்படி என்று ஜன்னலோரம் நின்று பார்த்தேன்.

பிள்ளைகள் ரயில் மாதிரி ஒருவர் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள். கடைசிப் பிள்ளை முன்னால் இருக்கிறவன் முதுகில் விரலால் ஒரு எழுத்தை எழுத வேண்டும். அவன் அதை உணர்ந்து தனக்கு முன்னால் இருக்கிறவள் முதுகில் எழுத வேண்டும். முதல் பிள்ளை எழுந்து போய்ப் பலகையில் எழுத வேண்டும். பின்னால் 'ண' என்று கிளம்பியது முன்னால் 'ன' ஆகிப் போய்ச் சேர்ந்தது. டீச்சர் திட்டவில்லை. "எத்தனாவது பெட்டியில் ஒரு சுழி கீழே விழுந்துச்சு, கண்டுபிடிங்க சாமி" என்றார். பிள்ளைகள் ஒவ்வொருத்தராகத் திரும்பி மறுபடி முதுகில் எழுதி, மூன்றாவது ஆளிடம் சுழி காணாமல் போனதைப் பிடித்துவிட்டார்கள். அந்தப் பையன் வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று சுழியையும் காற்றில் போட்டுக் காட்டினான். எங்கள் லைனில் மிஸ்டேக் எந்த மிஷினில் விழுகிறது என்று நான் தேடுவது இதே முறைதான். அன்றைக்கே சேர்த்துவிட்டேன். ஒரே மாதத்தில் 'மிஸ்' போய் 'டீச்சர்' வந்துவிட்டது மகள் வாயில். மூன்றாவது மாதம், நடு வரியில் விரல் வைத்தால் நடு வரியிலேயே படித்தாள்.

இதில் ஒரு நெருடலும் உண்டு. பிரிப்பது பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்பார்கள், தெரியாமல் இருக்குமா? "போடா, நீ இன்னும் அரும்புதான்டா" என்று எங்கள் வாசலிலேயே சண்டை நடக்கிறது.

சொந்தப் பிள்ளையை வைத்து ஒரு பள்ளிக்கு மார்க் போடக்கூடாது என்பது என் எண்ணம். வீட்டில் நானும் உட்கார்ந்து சொல்லித்தருகிறேன், அந்தப் பெருமை யாருக்குச் சேரும்? வீட்டில் சொல்லித்தர ஆளே இல்லாத பிள்ளை என்ன கற்கிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் அதற்குத் தேட வேண்டியதில்லை. ஒடிசாவிலிருந்து வந்து கம்பெனி வேலை பார்க்கிற குடும்பங்கள் தெருவுக்கு நாலு இருக்கின்றன. அப்படி ஒரு பெண் பிள்ளை, இரண்டாம் வகுப்பு. போன மாதம் ஒரு திங்கட்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர்களைப் பார்த்தேன். அம்மா இடுப்பில் கைக்குழந்தையோடு சீட்டு வரிசையில் நிற்கிறார். இவள் சுவரில் இருந்த பலகையை அண்ணாந்து பார்த்து, "புதன்... கிழமை... தோறும்... தடுப்... தடுப்பூ... சி" என்று கூட்டினாள். 'ப்பூ'வில் இரண்டு தடவை இடறினாள். பிறகு அம்மா சேலையை இழுத்து, அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னாள். அம்மா தடுப்பூசி அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டார். அந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்த ஏழு வயதுப் பிள்ளைதான். அவளுக்கு அதைக் கொடுத்தது இந்தப் பள்ளி. மூன்றரையில் இரண்டு மார்க் இதற்கே போகிறது.

ஐந்தில் நான் குறைத்த ஒன்றரை எங்கே போனது? நான்கு, ஐந்தாம் வகுப்புகளில். கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சோதிக்கிற 'அசர்' ஆய்வைப் பற்றிப் படித்திருக்கிறேன். கேள்வித்தாள் சின்னதுதான்: எழுத்து, சொல், ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவுக் கதை. கணக்கில் கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுத்தல். இதை யார் வேண்டுமானாலும் வாசல்படியில் உட்கார்ந்து செய்யலாம். ஐந்தாம் வகுப்பு படிக்கிற பக்கத்து வீட்டுப் பையனிடம் 824ஐ 4ஆல் வகுக்கச் சொன்னேன். சரசரவென்று போட்டு 26 என்றான். நடுவில் இருக்க வேண்டிய பூஜ்யத்தைக் காணோம். "அப்போ நாலு இருபத்தாறு எவ்வளவு சாமி?" என்றேன். 104 என்று சரியாகச் சொன்னான். சொல்லிவிட்டு 824ஐப் பார்த்தான், 104ஐப் பார்த்தான், சிரித்துவிட்டான். மூளையில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நின்று அந்த இடத்தில் நிறுத்த ஆள் இல்லை.

ஏன் இல்லை என்பதுதான் விஷயம். பள்ளியில் 86 பிள்ளைகள், ஐந்து வகுப்பு, மூன்று ஆசிரியர்கள். நான்கும் ஐந்தும் ஒரே அறையில், பெரிய டீச்சர் கையில். அவர்தான் தலைமை ஆசிரியர் என்பதால் கூட்டம், பயிற்சி, பாங்கு, வட்டாரக் கல்வி அலுவலகம் எல்லாவற்றுக்கும் ஓட வேண்டும். அவர் போகிற நாளில் அந்த அறையில் பாடம் கிடையாது, பக்கத்து டீச்சர் எட்டிப் பார்த்து அமைதி காக்கச் சொல்வதோடு சரி. இருக்கிற நாளிலும் போனைப் பிடித்துக்கொண்டு செயலியில் வருகைப் பதிவு, இன்னும் என்னென்னவோ ஏற்றிக்கொண்டிருக்கிறார். டவர் கிடைக்காமல் வேப்பமரத்தடிக்கும் வகுப்புக்குமாக அவர் நடப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் என் பிள்ளையும் இன்னும் ஒரு வருடத்தில் அந்த அறைக்குத்தானே போக வேண்டும்?

2009 கல்வி உரிமைச் சட்டத்தில் கணக்கு தெளிவாக இருக்கிறது: 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. எங்கள் பள்ளி சரியாக அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. 86 பேர் இருப்பதால் 'மூன்று பேர் போதும்' என்கிறது சட்டம். ஐந்து வகுப்பை மூன்றால் வகுத்தால் மீதி வரும் என்று சட்டத்துக்குத் தெரியாது போல.

தாழ்ப்பாள் கதைக்கு வருகிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினர். சட்டப்படி நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள்தான் இருக்க வேண்டும், தலைவரும் ஒரு அம்மாதான். கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. போனால் அரை ஷிப்ட் கூலி போச்சு, அதனால் பாதிப் பேர் வருவதில்லை. முதல் கூட்டத்தில் தாழ்ப்பாள் என்று தீர்மானம் எழுதினோம். அடுத்த கூட்டத்திலும் அதே தீர்மானத்தை அதே கையெழுத்தில் எழுதினோம். மூன்றாவது கூட்டத்துக்குக் கிரில் பட்டறை வைத்திருக்கிற ஒரு அப்பா திருப்புளியும் அறுபது ரூபாய்த் தாழ்ப்பாளும் கொண்டு வந்தார். பத்து நிமிடம் ஆனது. தீர்மான நோட்டில் அது 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று ஏறியிருக்கிறது.

ஆங்கிலம் கேட்பீர்கள். சுமார்தான். படிப்பார்கள், பேச வராது. தனியார் பள்ளியில் இருந்தபோது என் மகளுக்கும் 'மே ஐ கோ டு டாய்லெட் மிஸ்' தவிர வேறு ஒன்றும் பேச வந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்னொன்று: 'இங்கே சேர்த்தால் பின்னால் மாதம் ஆயிரம் ரூபாய் வருமாமே' என்று சிலர் கேட்கிறார்கள். அது கல்லூரிக்குப் போகிற பெண் பிள்ளைகளுக்கான புதுமைப்பெண் திட்டம்; அதற்குக் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்ததுதான். தொடக்கப் பள்ளியில் சேர்ப்பதற்கு அதைக் காரணமாக வைக்காதீர்கள்.

சேர்க்க வருகிறவர்கள் பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் கொண்டு வாருங்கள். வயதுச் சான்று கையில் இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடம் இல்லை, வெளி மாநிலத்துக்காரர்கள் தயங்க வேண்டாம். கட்டணம் கிடையாது. புத்தகம், நோட்டு, சீருடை, பை, செருப்பு எல்லாம் கொடுத்துவிடுகிறார்கள். செருப்பு அளவு மட்டும் பெரிதாகவே வரும், உள்ளே துணி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் எண்ணிக்கையை ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் எத்தனை பேர் என்று பார்த்துத்தான் நிர்ணயிக்கிறார்கள். பெரிய டீச்சர் ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகிறவர்கள் 17. முதல் வகுப்புக்கு இதுவரை பெயர் கொடுத்தவர்கள் 14. ஆக 83. நான்காவது ஆசிரியர் வர இன்னும் எட்டுப் பேர் வேண்டும். வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய்க்கொண்டிருக்கிறார்.

எங்கள் காம்பவுண்டில் மட்டும் ஐந்து வயது முடிந்தது மூன்று இருக்கிறது. இரண்டு வீட்டில் பேசிவிட்டேன், ஒருத்தர் சரி என்றார், ஒருத்தர் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மூன்றாவது வீட்டு அக்காவுக்கு ஒன்றரை ஷிப்ட், வர ஒன்பது மணி ஆகும். சாப்பிட்டு முடித்துவிட்டுப் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.