வேக்குவம் பிரேக்கர்: நாலு வருடத்துக்குப் பிறகு

தன் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் (நீராவியின் சூட்டை வேறொன்றுக்கு மாற்றும் கருவி) வேக்குவம் பிரேக்கர், அதாவது உள்ளே வெற்றிடம் உண்டானால் வெளிக்காற்றை உள்ளே விடும் வால்வு, போடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலைதான் என்னுடையதை மூன்றாவது முறையாகக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு வந்திருந்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதைப் போடுவதற்கு முன், காலையில் நீராவியைத் திறந்ததும் எக்ஸ்சேஞ்சருக்குள் யாரோ சம்மட்டியால் அடிப்பது போலக் கேட்கும். நீராவியை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் ஸ்டீம் டிராப்பை இரண்டு முறை மாற்றினோம், பாவம், அதன் மேல் ஒரு தப்பும் இல்லை. வால்வை மூடியதும் உள்ளே அடைபட்ட நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிடுகிறது. அது அடைத்திருந்த இடத்தில் ஏறக்குறைய 1,600-ல் ஒரு பங்கு போதும் தண்ணீருக்கு, மீதி வெற்றிடம். உள்ளே அழுத்தம் வெளியை விடக் குறைந்துவிட்டால் அந்தத் தண்ணீர், அதாவது கண்டன்சேட், எப்படி இறங்கும்? அப்படியே தேங்கி நிற்கும், மறுநாள் அதன் மேல் நீராவி பாயும்போதுதான் அந்த அடி. எங்கள் பிரஷர் கேஜ் முள்ளோ பூஜ்யத்தோடு நின்றுவிடும் ரகம், அதனால் மாதக்கணக்கில் ஒன்றும் புரியவில்லை. பூஜ்யத்துக்குக் கீழும் காட்டும் காம்பவுண்ட் கேஜ் மாட்டிய அன்று சாயங்காலமே விஷயம் தெரிந்துவிட்டது.

பிரேக்கர் போட்டதும் அடி நின்றது. அது நிஜம்.

ஆனால் எரிச்சல் வேறு பக்கமிருந்து வந்தது. உள்ளே இருப்பது ஒரு சின்ன வால்வும் அது உட்காரும் சீட்டும்தான், அதில் துரு ஒரு துணுக்கு ஒட்டினால் போதும், அழுத்தம் ஏறியதும் உஸ்ஸென்று நீராவி கசிய ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு தடவையும் அது விடும் காற்றையும் யாராவது வெளியேற்ற வேண்டுமே. அந்த வேலையைச் செய்யும் ஏர் வென்ட் சரியில்லாததால் முதல் குளிர்காலம் முழுக்க சூடு மெதுவாகவே ஏறியது. அப்புறம், டிராப்புக்குப் பின்னால் கண்டன்சேட்டைத் திருப்பிக் கொண்டுபோகும் ரிட்டர்ன் லைன் மேலே ஏறினால் இது பெரிதாக உதவாது. ஒரு மீட்டர் ஏற்றத்துக்கு ஏறக்குறைய 0.1 பார், அதைத் தள்ள உள்ளே அழுத்தம் வேண்டும், காற்றை விட்டால் மட்டும் போதாது. வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லை.

சரி, நண்பருக்கு என்ன சொன்னேன்? வேண்டாம் என்றேன். அவர் ரிட்டர்ன் லைன் கீழ்நோக்கித்தான் ஓடுகிறதாம், அவருக்கு இது நன்றாகவே வேலை செய்யும், தெரியும். இருந்தாலும் அன்று வாயில் வந்தது அதுதான். மாட்டுவதானால் நீராவி இருக்கும் பகுதியின் உச்சியில், நிமிர்த்தி மாட்டச் சொல்லியிருக்கிறேன்.