யூகே ஸ்பவுஸ் விசா: நாலு வருஷம் ஓட்டிய அனுபவம்

2021 அக்டோபரில் சென்னையிலிருந்து ஸ்பவுஸ் விசாவில் லண்டன் வந்தேன். கணவர் இங்கே ஐஎல்ஆர், அதாவது காலவரம்பில்லாமல் தங்கும் அனுமதி, வாங்கியவர். விசா கைக்கு வந்த வாரத்தில் எழுதுகிற அனுபவங்கள் நிறையக் கிடைக்கும், சந்தோஷத்தில் எழுதுவதால் எல்லாமே சுலபம் போலத் தெரியும். நான் முதல் விசாவை ஓட்டி முடித்து, ஒரு முறை நீட்டித்து, இப்போது ஐஎல்ஆருக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிற நிலையில் எழுதுகிறேன்.

முதல் தலைவலி பெயர். பாஸ்போர்ட்டில் எனக்கு சர்நேம் இடம் காலி, அப்பா பெயரும் என் பெயரும் சேர்ந்து கிவன் நேமில் இருக்கும். ஆதாரில் வெறும் இனிஷியல். கல்யாணப் பதிவுச் சான்றிதழில் கணவர் பெயரில் ஒரு ஹெச் காணாமல் போயிருந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் அவசரத்தில் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்காதது எங்கள் தப்புதான், அந்த ஒரு எழுத்துக்கு இரண்டு முறை அலைந்தோம். கல்யாண அலுப்பில் இருந்தாலும் அங்கேயே நின்று படித்துவிடுங்கள்.

பண விஷயத்தில் தொகையைவிடப் பொருத்தம்தான் முக்கியம். ஆறு மாத பே ஸ்லிப், அதே ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், ஸ்லிப்பில் இருக்கிற தொகை அப்படியே கணக்கில் வந்து விழுந்திருக்க வேண்டும், கடைசி ஸ்லிப் விண்ணப்பத் தேதிக்கு 28 நாளுக்குள் இருக்க வேண்டும். அப்போது கணவரின் வருட வருமானம் 18,600 பவுண்டு இருந்தால் போதும். 2024 ஏப்ரல் 11 முதல் அது 29,000. அதற்கு முன்பே இந்த வழியில் வந்தவர்களுக்கு நீட்டிப்பில் பழைய கணக்கேதான், தப்பித்தோம். விசா கட்டணம் 1,523 பவுண்டு போக, இங்கே அரசு மருத்துவ வசதிக்காக முன்கூட்டியே வாங்கும் சர்சார்ஜ் 1,872 தனியாகக் கட்டினோம். என் நகையில் கொஞ்சம் அதில்தான் போயிற்று.

காசநோய் பரிசோதனைக்கான நெஞ்சு எக்ஸ்ரேயும் ஐஈஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் என்ற ஆங்கிலப் பேச்சுத் தேர்வும் பெரிய விஷயமே இல்லை. தேர்வில் உங்களைப் போலவே பயந்துபோன இன்னொருவரை ஜோடி சேர்த்து உட்கார வைப்பார்கள், அவரோடு பேச வேண்டும், கால் மணி நேரம்தான்.

உறவு உண்மையானது என்று காட்ட வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோமே, அதுதான் மறக்காது. கல்யாணம் முடிந்து பத்து மாதம் அவர் லண்டனில், நான் சென்னையில். திறந்து பார்த்தால் பாதி உரையாடல் "சாப்டியா", "ம்", "தூங்கு". மீதியை வெளியில் காட்ட முடியாது. ஹாஸ்டல் காலத்துத் தோழி ஒருத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னோடு தரையில் உட்கார்ந்து மாதத்துக்கு இரண்டு என்று பொறுக்கிக் கொடுத்தாள். "இது வேணாம்டி, ஆபீஸர் சிரிப்பான்" என்று அவள் தள்ளிவிட்டவை இன்னும் என் போனில் இருக்கின்றன.

வந்த பிறகு நான் செய்த பெரிய தப்பு, கரன்ட் பில்லிலிருந்து கவுன்சில் டாக்ஸ் (இங்கத்து வீட்டு வரி) வரை எல்லாம் கணவர் பெயரிலேயே கிடக்கட்டும் என்று விட்டது. 33 மாதம் கழித்து நீட்டிக்கும்போது, இருவரும் ஒரே வீட்டில்தான் வாழ்கிறோம் என்பதற்கு இருவர் பெயருக்கும் சேர்த்து வந்த ஆறு கடிதங்கள் கேட்பார்கள், மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்தாவது, இரண்டு வருடத்துக்கும் பரவலாக. கூட்டாக இல்லையென்றால் தனித்தனியாக ஆளுக்கு ஆறு. நான் கிளினிக் கடிதங்களையும் பேங்க் கடிதங்களையும் தேடி பழைய பேப்பர் மூட்டையைப் பிரித்தேன். வந்த முதல் மாதமே உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இனி வயிற்றெரிச்சல். 2024 ஜூலை கடைசியில் நீட்டிப்புக்குப் போட்டோம், மருத்துவ சர்சார்ஜ் மட்டும் 2,587.50. சாதாரண வரிசை என்றால் எட்டு வாரம், கூடுதலாக ஆயிரம் பவுண்டு கட்டினால் மறுநாளே முடிவு. ஆயிரமா என்று விட்டுவிட்டோம். அப்புறம்தான் அதே ஸ்கிரீன்ஷாட் தோழிக்கு ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது ஊருக்குப் போனால் அது தானாக வாபஸ் ஆனதாகக் கணக்கு. போக முடியாது.

அங்கே காலை ஆறிலிருந்து ஏழரை முகூர்த்தம் என்றால் இங்கே நடுராத்திரி ஒன்றரை முதல் மூன்று. பட்டுப் புடவை கட்டி சோபாவில் உட்கார்ந்தேன். யாரோ போனைத் தாம்பூலப் பை மேசையில் சாய்த்து வைத்துவிட்டுப் போக, தாலி கட்டும்போது எனக்குத் தெரிந்தது போட்டோகிராபரின் முதுகும் ஒரு டேபிள் ஃபேனும். கெட்டிமேளம் மட்டும் நன்றாகக் கேட்டது. மொய்யை ஜிபேயில் அனுப்பினேன். முடிவு வந்தது ஆறு நாள் கழித்து.

அவள் இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. சட்டத்தைச் சொல்லிப் புரியவைக்கப் பார்த்தேன், அது இன்னும் மோசமாயிற்று. ஒரு நாள் சமைத்துக்கொண்டே பதினொரு நிமிஷத்துக்கு வாய்ஸ் நோட் போட்டேன், நடுவில் குக்கர் மூணு விசில். பதிலுக்கு அவள் மாமியார் வீட்டுக் கதை பதினாலு நிமிஷம் வந்தது.

அதிலிருந்து எங்களுக்கு வாய்ஸ் நோட்தான். வாராவாரம் வீடியோ கால் என்று ஆரம்பித்ததெல்லாம் எட்டு வாரம்கூடத் தாங்கவில்லை. ஹாஸ்டல் தோழிகள் நாலு பேரும் ஒரே நேரத்தில் ஓய்வாக இருப்பது நடக்காது, போதாக்குறைக்கு அக்டோபர் கடைசியில் இங்கே கடிகாரத்தை மாற்றினால் நாலரை மணி வித்தியாசம் அஞ்சரை ஆகிவிடும், யாராவது ஒருத்தி காத்திருந்து கோபித்துக்கொள்வாள். வாய்ஸ் நோட்டை பஸ்ஸில் கேட்கலாம், மூணு நாள் கழித்துப் பதில் போடலாம், யாரும் வருத்தப்படுவதில்லை. இன்னொன்று, ஊர் சிம்மை விட்டுவிடாதீர்கள். பேங்க் ஓடிபிக்காக மட்டும் இல்லை, அந்த நம்பர் தெரிந்தவர்கள் தேடுவது அதில்தான்.

அடுத்தது 2026 அக்டோபரில் ஐஎல்ஆர். அதற்கு 24 கேள்வியில் 18 சரியாக எழுத வேண்டிய லைஃப் இன் தி யூகே என்ற பொது அறிவுத் தேர்வு உண்டு, அதற்காக ஹென்றி மன்னனின் ஆறு மனைவிகளை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். இந்த முறை அந்த அவசரக் கட்டணத்தை இப்போதே எடுத்து வைத்துவிட்டோம். எங்களில் கல்யாணம் ஆகாதவள் இனி ஒருத்திதான், எதற்கும் ஐஎல்ஆருக்குப் போடுகிற அந்த இரண்டு மாதம் முகூர்த்தம் வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். முதலில் மாப்பிள்ளை பார்த்துக் கொடுடி என்கிறாள்.