பிக்கப் பின்கண்ணாடி ஒழுகினால் மேலே சிலிக்கான் பூச விடாதீர்கள்

பிக்கப் வைத்து ஓட்டும் எல்லோரும் இதைப் படித்துவிடுங்கள். கேபினின் பின்கண்ணாடி ஓரத்தில் மழைத்தண்ணீர் இறங்குகிறது என்று ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். இரண்டு தடவை பணம் கொடுத்தேன். ஒழுகல் நிற்கவில்லை. அதோடு கண்ணாடி உட்காரும் தகரமே துருவில் ஓட்டை விழுந்துவிட்டது. எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

என்னுடையது 2013 மாடல், 2019-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றுவதுதான் பிழைப்பு. ராத்திரி லோடு ஏற்றினால் விடிவதற்குள் இறக்கியாக வேண்டும். போன ஐப்பசி மழையில் ஒரு நாள் சீட்டுக்குப் பின்னால் கையை விட்டால், ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் வைத்திருந்த பை சொதசொதவென்று இருந்தது. வியாபாரிகள் கணக்கு எழுதும் நோட்டு ஊறி, மை கலைந்து, யார் எவ்வளவு பாக்கி என்றே தெரியவில்லை. அந்த நோட்டைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

மச்சினன் சொல்லி, திண்டுக்கல் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. "சிலிக்கான் போட்டா நின்னுரும் தம்பி" என்றார். கண்ணாடியைக் கழற்றாமல், கண்ணாடியைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் பட்டையான பீடிங்கை ஒட்டி வெளியிலிருந்து கறுப்பு சிலிக்கான் பசையை இழுத்து, விரலால் தடவிவிட்டார். அரை மணி நேர வேலை, 1,200 ரூபாய். ஜிபேயில் அனுப்பினேன். கேபினுக்குள் இரண்டு நாள் காடி நாற்றம் அடித்தது. அந்த நாற்றம் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டு மழை தாங்கியது. மூன்றாவது மழையில், முன்பு ஒரு மூலையில் மட்டும் வந்த தண்ணீர் இரண்டு மூலையிலும் வந்தது. திரும்பப் போய்க் கேட்டேன். "ரப்பர் பழசாயிருச்சு, கம்பெனி பீடிங் மாத்தணும், 3,800 ஆகும், ரொக்கமா குடுங்க" என்றார். வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாயங்காலம் வந்து பார்த்தால் பீடிங் பளபளவென்று இருந்தது. பில் கேட்டேன். "பில் வேணும்னா 18 சதவீதம் ஜிஎஸ்டி சேத்துக் குடுங்க" என்று சொல்லி, ஒரு விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். நான் செய்த பெரிய தவறு அதுதான்.

கார்த்திகை பிறந்ததும் மறுபடியும் ஒழுகியது. இந்தத் தடவை கால்மிதியைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் தண்ணீர் தேங்கி, தகரம் சிவந்து, பொரிந்து போயிருந்தது. மூன்றாவது முறை போனபோது கடைக்காரர் சொன்ன பதில்: "மழைக்கெல்லாம் கேரண்டி கிடையாது." அதற்கு மேல் பேசவே விரும்பவில்லை. அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

பிறகு பழனியில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். காலம் முழுக்க வண்டித் தகரத்தைச் சரிசெய்யும் டிங்கர் வேலையே பார்த்தவர். அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? பணத்தைப் பற்றிப் பேசவில்லை, கண்ணாடியைத் தொடவும் இல்லை. "ஓஸை எடுத்துக்கிட்டு வாங்க தம்பி" என்றார்.

அந்தச் சோதனையை விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை நீங்கள் வீட்டு வாசலிலேயே செய்யலாம். சீட்டை முன்னால் தள்ளி, பின்பக்கத் தகரத்தை உள்ளே மூடியிருக்கும் லைனரைக் கழற்றி, தகரத்தை நன்றாகத் துடைத்துக் காயவைத்தார். கண்ணாடிக்குக் கீழே சாக்பீஸ் தூளைத் தூவினார். என்னை டார்ச்சோடு உள்ளே உட்காரவைத்து, வெளியிலிருந்து தண்ணீரை மெதுவாக விட்டார். முதலில் கண்ணாடியின் கீழ் விளிம்பில் மட்டும் ஐந்து நிமிடம். அப்புறம் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம், மேல் விளிம்பு, கடைசியாகத்தான் கூரை. மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எங்கே நுழைகிறது என்பதே தெரியாமல் போய்விடும். வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் வைத்து அடிப்பதும் உதவாது, நல்ல ரப்பரைக்கூட அது தூக்கிவிடும் என்றார். தண்ணீர் சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. உள்ளே தகரத்தை ஒட்டியே ஓடி, ஒரு மடிப்பு வந்ததும்தான் கீழே விழும். அதனால்தான் அந்தத் தூள். ஈரம் ஓடிய வழி அதில் கோடாகத் தெரிந்தது. என் வண்டியில் கீழ் விளிம்பில் விட்ட தண்ணீரே இரண்டு மூலையிலும் உள்ளே வந்துவிட்டது.

கண்ணாடியைக் கழற்றியபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. இந்த மாதிரி பழைய கேபினில் கண்ணாடி ஒரு ரப்பரில் உட்கார்ந்திருக்கும். ரப்பருக்கு இரண்டு பள்ளம்: ஒன்று கண்ணாடியைப் பிடிக்கும், இன்னொன்று தகரத்தின் விளிம்பைப் பிடிக்கும். வெயிலில் வருஷக்கணக்கில் காய்ந்து ரப்பர் சுருங்கினால் முதலில் மூலைகள்தான் விலகும். அந்த விலகலை வெளியே சிலிக்கான் பூசி மூட முடியாது. காய்ந்து தூசி படிந்த ரப்பரில் அது ஒட்டாது, லோடு ஏற்றி மேடு பள்ளத்தில் கேபின் முறுக்கும்போது ஓரம் பிரிந்துவிடும். பிரிந்த இடத்தில் நுழையும் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் ரப்பருக்கு அடியிலேயே தங்கும். அதைவிட மோசம் அந்தக் காடி நாற்றம். அந்த வகை சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலம் வெளிவருகிறது. வெறும் தகரத்தில் பட்டால் துரு வேகமாகப் பிடிக்கும். வாசனை இல்லாத வகையும் உண்டு, ஆனால் எதைப் பூசினாலும் பின்னால் அந்த இடத்தில் பெயிண்ட் நிற்காது, முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். பெரியவருக்குச் சுரண்டவே அரை நாள் போனது.

கீழ் மூலை இரண்டிலும் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. பக்கத்தில் ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பிய கீறல்கள், அவற்றில் புதுத் துரு. நெம்பியது அந்தக் கடையில்தான், நான் வாங்கியதிலிருந்து அதற்கு முன்பு அந்தக் கண்ணாடியை யாரும் கழற்றியதில்லை. பின்கண்ணாடி டஃபன்ட் வகை. ஓரத்தில் ஒரு அடி பலமாகப் பட்டால் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். அப்படி உதிராமல் தப்பியது என் நல்ல நேரம்.

அடுத்து அந்த ரப்பர். பெரியவர் அதைக் கையில் கொடுத்து, "இது புதுசா தம்பி?" என்று கேட்டார். இடது மூலையில் ஒரு வெட்டு இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் தார்ப்பாய்க் கயிற்றை அறுக்கும்போது என் கத்தி பட்ட வெட்டு. அதே ரப்பர்! கடைக்காரர் அதையே கழற்றி, பாலிஷ் போட்டு, திரும்ப மாட்டி 3,800 ரூபாய் வாங்கியிருக்கிறார். உழைத்துச் சம்பாதித்த காசை இப்படிக் கொடுத்துவிட்டோமே என்று அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

பெரியவர் துருப்பிடித்த தகரத்தை வெட்டி எடுத்து, துண்டு வைத்து வெல்டிங் செய்தார். துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு, மேடு பள்ளத்தைச் சமப்படுத்தும் பட்டி, பெயிண்ட் என்று இரண்டு நாள் காயவிட்டார். புது ரப்பரை என்னையே கடையில் வாங்கி வரச் சொன்னார். ரப்பரைக் கண்ணாடியில் மாட்டி, வெளிப் பள்ளத்தில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே ஒரு பையன் உள்ளங்கையால் அமுக்க, உள்ளேயிருந்து கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். ரப்பரின் உதடு தகரத்தைத் தாண்டி அழகாக உட்கார்ந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுக்கவே இல்லை. கடைசியில் ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவே, இறுகாமல் எப்போதும் பிசுபிசுப்பாகவே இருக்கும் பியூட்டைல் பேஸ்ட். மறுபடியும் ஓஸ், டார்ச், சாக்பீஸ் தூள். ஒரு சொட்டு வரவில்லை. ரப்பரோடு சேர்த்து 6,900 ரூபாய், கையெழுத்துப் போட்ட பில்லோடு.

புது மாடல் வண்டிகளில் கண்ணாடியை ரப்பர் இல்லாமல் யூரிதேன் பசையில் ஒட்டியிருப்பார்கள். அதற்கு இந்தக் கயிற்று முறை சரிப்படாது. பழைய பசையை அறுத்து, பிரைமர் போட்டு ஒட்ட வேண்டும், பசை டியூபில் போட்டிருக்கும் நேரம் வரை வண்டியை எடுக்கக் கூடாது.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம், இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் கையில் இருப்பது 1,200 ரூபாய்க்கான ஜிபே பதிவும் ஒரு விசிட்டிங் கார்டும் மட்டும்தான். எந்த வேலைக்கு எவ்வளவு என்று ஒரு வரிகூட இல்லை. கடையின் பெயரை இங்கே போடாததற்கும் அதுதான் காரணம். நீங்களாவது எந்த வேலை, எந்தப் பொருள் என்று எழுதிய பில் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள். 18 சதவீதம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். கழற்றிய பழைய ரப்பரைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் புதுசு மாட்டவில்லை என்றே சந்தேகப்படுங்கள். கண்ணாடி கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், ஒரு நாள் லோடு போனாலும் பரவாயில்லை.

நேற்று ராத்திரி ஒட்டன்சத்திரத்தில் லோடு ஏற்றும்போது பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. சீட்டுக்குப் பின்னால் ஒரு செய்தித்தாளை விரித்து வைத்திருந்தேன். காலையில் எடுத்துத் தடவிப் பார்த்தேன், மொறமொறவென்று இருந்தது. பக்கத்தில் புதுக் கணக்கு நோட்டு.